மூட்டுவலிக்கு அசெக்ளோஃபெனாக்: பிபி, சுகர் மாத்திரைகளோடு சேர்த்து எத்தனை நாள் சாப்பிடலாம்?

கொள்ளிடக்கரை கேட்டது:

அம்மாவுக்கு வயது 66, எடை 68 கிலோ. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், இடது பக்கம் கூடுதல். எலும்பு மருத்துவர் எழுதிக் கொடுத்தது: அசெக்ளோஃபெனாக் 100 + பாராசிட்டமால் 325 சேர்ந்த மாத்திரை 1-0-1 சாப்பாட்டுக்குப் பின், பான்டோபிரசோல் 40 காலையில் வெறும் வயிற்றில், டைக்ளோஃபெனாக் ஜெல் மேலே தடவ. எல்லாமே 10 நாளுக்கு.

10 நாளில் வலி நன்றாகக் குறைந்தது. நிறுத்தியதும் திரும்பியது. அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் மறுபடி மறுபடி வாங்கியதில் இப்போது நான்காவது வாரம் ஓடுகிறது. பான்டோபிரசோல் முதல் அட்டையோடு நின்றுவிட்டது.

ஏற்கெனவே சாப்பிடுபவை: டெல்மிசார்டன் 40 + ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 (ஒரே மாத்திரை, காலை), மெட்ஃபார்மின் 500 1-0-1, ஆஸ்பிரின் 75 மதியம். மாரடைப்பு, ஸ்டென்ட், பக்கவாதம் எதுவும் வந்ததில்லை. சுகர் கண்டுபிடித்த காலத்தில் ஒரு பாதுகாப்புக்கு என்று ஆஸ்பிரின் ஆரம்பித்தார்கள். கிரியாட்டினின் (கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) 8 மாதம் முன்பு 1.1, ரிப்போர்ட்டில் நார்மல் என்றே இருந்தது. பிபி வழக்கமாக 130/80 இருக்கும், இந்த வாரம் 148/88. சாயங்காலம் கணுக்கால் லேசாக வீங்குகிறது.

1. இந்த மாத்திரையை இன்னும் எத்தனை நாள் தொடரலாம்?
2. பிபி மாத்திரைக்கும் வலி மாத்திரைக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?
3. மாத்திரைக்குப் பதில் ஊசி போட்டால் வயிறு தப்பிக்கும் என்கிறார்களே, சரியா?
4. ஜெல் தடவியும் ஒன்றும் தெரியவில்லை. நிறுத்திவிடலாமா?

---

மாத்திரைப்பெட்டி (மருந்தாளுநர்) பதில்:

முதலில் உடனே செய்ய வேண்டியது. பிபி ஏறியிருக்கிறது, கால் வீங்குகிறது. இரண்டும் இந்த வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்குவதன் அடையாளமாக இருக்கலாம். அசெக்ளோஃபெனாக்கை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். திடீரென நிறுத்தினால் ஆபத்து வரும் வகை மருந்து இல்லை இது, வலி திரும்புமே தவிர வேறொன்றும் ஆகாது. ஆனால் டெல்மிசார்டன், ஆஸ்பிரின், மெட்ஃபார்மின் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அதுவரை வலிக்குத் தனி பாராசிட்டமால் 500 அல்லது 650, ஆறு மணி நேர இடைவெளியில் நாளைக்கு மூன்று வேளை போகலாம். கல்லீரல் கோளாறு இருந்தால் அந்த அளவையும் மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு சீட்டிலேயே பதில் இருக்கிறது: 10 நாள். அந்த எண்ணிக்கை சும்மா எழுதப்படுவதில்லை. அசெக்ளோஃபெனாக்கின் அதிகபட்ச அளவு ஒரு நாளைக்கு 200 மி.கி., அதாவது 100 மி.கி. இரண்டு வேளை. அம்மா முதல் நாளிலிருந்தே உச்ச அளவில்தான் இருக்கிறார். மூட்டுத் தேய்மானம் தினமும் ஒரே மாதிரி வலிக்கும் நோய் இல்லை. வலி கூடும் நாட்களில் குறைந்த அளவில் குறைந்த நாள் கொடுத்து நிறுத்துவதுதான் முறை. அட்டையின் பின்புறம் சிவப்புக் கோடு போட்ட மாத்திரையைப் பழைய சீட்டை வைத்துத் திரும்பத் திரும்பக் கொடுக்கக் கூடாது. மெடிக்கலில் கொடுக்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது.

வயிற்றில் நடப்பது என்ன? வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் சளிப்படலத்தையும் பராமரிக்கிறது. மாத்திரை ஒன்றைத் தடுக்கும்போது மற்றதும் தடைபடுகிறது. இந்தத் தடை ரத்தத்தின் வழியாக நடக்கிறது. அதனால்தான் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் எரிச்சல் குறையுமே தவிர அல்சர் வராது என்று சொல்ல முடியாது. ஊசியும் அப்படித்தான். டைக்ளோஃபெனாக் ஊசி பிட்டத்தில் போட்டாலும் மருந்து ரத்தத்துக்குப் போய் அதே வேலையைத்தான் செய்கிறது. வயிறு தப்பிக்காது, கிட்னியும் தப்பிக்காது. கூடுதலாக ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டுவது, தசை அழுகுவது, தவறான இடத்தில் போட்டால் காலுக்குப் போகும் நரம்பு பாதிப்பது என்று வேறு ஆபத்துகளும் உண்டு. அந்த ஊசி இரண்டு நாளுக்கு மேல் போடும் மருந்தே இல்லை. வாந்தியால் மாத்திரை விழுங்க முடியாதவருக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அதற்கு இடம் உண்டு. தேய்மான வலிக்கு வாராவாரம் ஊசி என்பது வேண்டவே வேண்டாம்.

பான்டோபிரசோல் நின்றதுதான் உங்கள் பதிவில் எனக்கு அதிகம் கவலை தந்த வரி. 65 வயதுக்கு மேல், கூடவே ஆஸ்பிரின். இந்த இரண்டும் சேர்ந்தவருக்கு வலி மாத்திரை ஓடும் நாள் முழுக்க வயிற்றுப் பாதுகாப்பு கட்டாயம். காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, வெறும் தண்ணீரில், கடிக்காமல் உடைக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் குறையலாம், ஏனென்றால் உணவைப் பார்த்து அமிலம் சுரக்கத் தொடங்கும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருந்தாக வேண்டும். வெள்ளை நிற திரவ ஆன்டாசிட் எரிச்சலைத் தணிக்கும், அல்சரைத் தடுக்காது. ரேனிடிடின் 150 வழக்கமான அளவில் இரைப்பைப் புண்ணைத் தடுக்கப் போதாது. கடையில் "கேஸ் மாத்திரை" என்று கேட்டால் பெரும்பாலும் டாம்பெரிடோன் சேர்ந்த கேப்சூல் கையில் வரும். அது குமட்டலுக்கான மருந்து, அல்சர் தடுப்புக்கு அதில் வேலை இல்லை, 60 தாண்டியவர்களுக்கு இதயத் துடிப்பு தொடர்பான எச்சரிக்கையும் உண்டு. சீட்டில் தனி பான்டோபிரசோல் என்றால் தனியாகவே கேட்டு வாங்குங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: பான்டோபிரசோல் இரைப்பையையும் முன்சிறுகுடலையும் காக்கும். அதற்குக் கீழே உள்ள குடலை, கிட்னியை, இதயத்தை அது காக்காது. அதைப் போட்டுக்கொண்டால் வலி மாத்திரையை எத்தனை நாளும் சாப்பிடலாம் என்று நினைப்பது தவறு.

இடைவெளி விஷயம். பிபி மாத்திரையும் வலி மாத்திரையும் மோதிக்கொள்வது வயிற்றில் அல்ல, கிட்னியில். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று பிரித்தாலும் இரண்டும் நாள் முழுக்க ரத்தத்தில் இருக்கும். இடைவெளியால் இந்த மோதல் தீராது. இடைவெளி உண்மையிலேயே உதவும் ஜோடி ஒன்று உண்டு: ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும். ஐபுபுரோஃபென் முந்திக்கொண்டால் ரத்தத் தட்டணுவில் ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது, இதயப் பாதுகாப்பு குறைகிறது. அதனால் சாதாரண ஆஸ்பிரின் போட்டு அரை மணி நேரமாவது கழித்து ஐபுபுரோஃபென், அல்லது ஐபுபுரோஃபென் போட்டு 8 மணி நேரம் கழித்து ஆஸ்பிரின். குடலில் கரையும் பூச்சுப் போட்ட ஆஸ்பிரினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அம்மாவின் அசெக்ளோஃபெனாக்குக்கும் இந்தக் கணக்கு இல்லை. ஆனால் ரத்தக்கசிவு அபாயம் ஆஸ்பிரினோடு கூடத்தான் செய்யும்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் எடுத்து மேசையில் பரப்பி, பெரிய எழுத்தில் இருக்கும் பிராண்ட் பெயரை விட்டுவிட்டு அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். செரோடால், ஹைஃபெனாக் என்று பெயர் வேறு, உள்ளே அசெக்ளோஃபெனாக் ஒன்றுதான். வோவெரான் டைக்ளோஃபெனாக். காம்பிஃப்ளாம் ஐபுபுரோஃபென் 400-உம் பாராசிட்டமால் 325-உம். பல் வலிக்குப் போனால் கீட்டோரோலாக் தருவார்கள். இவற்றில் எந்த இரண்டும் ஒரே நாளில் சேரக் கூடாது. சேர்ந்தால் வலி இரட்டிப்பாகக் குறையாது, புண்ணும் கசிவும்தான் கூடும். எஸ்.ஆர். (மெதுவாக மருந்தை வெளிவிடும் வகை) 200 என்று எழுதிய அசெக்ளோஃபெனாக் நாளைக்கு ஒன்று மட்டும். அதை 1-0-1 போட்டால் அளவு 400 ஆகிவிடும். மெடிக்கலில் 100 இல்லை என்று 200 கொடுத்து அனுப்பும்போது இந்தத் தவறு நடக்கிறது. தசைப்பிடிப்புக்கான தயோகால்ச்சிகோசைடோ குளோர்சாக்சசோனோ சேர்ந்த அட்டையும் அசெக்ளோஃபெனாக் பெயரிலேயே வருகிறது. அவை மயக்கம், தூக்கக்கலக்கம் தரலாம், வயதானவர் இரவில் பாத்ரூம் போகும்போது விழ அதுவே போதும்.

---

நெஃப்ரான் (சிறுநீரக மருத்துவர்) பதில்:

மாத்திரைப்பெட்டி சொன்னது அத்தனையும் சரி. கிட்னி பக்கத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியின் மையம் அங்கேதான் இருக்கிறது.

கிரியாட்டினின் 1.1, நார்மல் என்று ரிப்போர்ட் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம். அந்த எண்ணோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதற்கான சிகேடி-எபி என்ற வாய்பாடு 2021-இல் திருத்தப்பட்டது. அதில் 30 வயது ஆணுக்கு 1.1 என்றால் இ-ஜிஎஃப்ஆர் (கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) ஏறக்குறைய 92. அதே 1.1, 66 வயதுப் பெண்ணுக்கு ஏறக்குறைய 55. வயது கூடக் கூட தசை குறையும், கிரியாட்டினின் உற்பத்தியும் குறையும். அதனால் கிட்னி தளர்ந்திருந்தாலும் எண் அழகாகவே இருக்கும். 60-க்குக் கீழே வந்தவருக்கு இவ்வகை வலி மாத்திரையை மிகுந்த யோசனையோடு, குறைந்த நாளுக்கு மட்டுமே கொடுப்போம். 30-க்குக் கீழே கொடுப்பதில்லை. அதுவும் 8 மாதப் பழைய கணக்கு. நான்கு வாரம் மாத்திரை ஓடிய பிறகு இன்றைய எண் என்ன என்பது தெரிய வேண்டும்.

மூன்று மருந்து சேர்ந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். கிட்னியின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் கொண்டுவரும் குழாய் ஒன்று, வெளியே கொண்டுபோகும் குழாய் ஒன்று. உள்ளே வரும் குழாயை விரித்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின். வலி மாத்திரை அதைத் தடுக்க, குழாய் சுருங்குகிறது. வெளியே போகும் குழாயை இறுக்கிப் பிடித்து உள்ளே அழுத்தத்தைக் காப்பது ஆஞ்சியோடென்சின். டெல்மிசார்டன் அதைத் தடுக்க, குழாய் தளர்கிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு உடம்பின் நீரையே குறைக்கிறது. வரவும் குறைந்து, அழுத்தமும் போய், நீரும் குறைந்தால் வடிகட்ட அழுத்தம் எங்கிருந்து வரும்? மூன்றும் தனித்தனியே நல்ல மருந்துகள். ஆனால் ஒரே உடம்பில் மூன்றும் சேர்வதால் வரும் திடீர் சிறுநீரகச் செயலிழப்பு மருத்துவ உலகம் நன்றாக அறிந்த ஒன்று. எனாலபிரில், ராமிபிரில், லோசார்டன் என டெல்மிசார்டனின் உறவுகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இந்த நிலையில் ஒரு நாள் வாந்தி பேதி வந்தால், அல்லது சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தால், நிலைமை சில மணி நேரத்தில் மாறிவிடும். மெட்ஃபார்மினும் இருப்பதால் இன்னொரு சிக்கல்: அது கிட்னி வழியாகத்தான் வெளியேறுகிறது, கிட்னி நின்றால் உடம்பில் தங்கி ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டலாம். எனவே வாந்தி, பேதி, சாப்பாடு இறங்காத காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் முதல் வேளையிலேயே வலி மாத்திரை நிற்க வேண்டும். பிபி மாத்திரையையும் மெட்ஃபார்மினையும் அந்த இரண்டு மூன்று நாள் நிறுத்துவதா என்று மருத்துவரிடம் அன்றைக்கே கேளுங்கள். இப்போதே கேட்டு சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, நள்ளிரவில் யாரையும் தேட வேண்டியிருக்காது.

இந்த வாரமே எடுக்க வேண்டியவை: கிரியாட்டினின் (இ-ஜிஎஃப்ஆர் சேர்த்து), பொட்டாசியம், சோடியம், ஹீமோகுளோபின், சிறுநீரில் ஆல்புமின். பொட்டாசியம் ஏன் என்றால், டெல்மிசார்டனும் வலி மாத்திரையும் இரண்டுமே அதை ஏற்றும். வீட்டில் பிபிக்காக "சோடியம் குறைந்த உப்பு" வாங்கிப் பயன்படுத்துகிறீர்களா? அந்தப் பாக்கெட்டில் சோடியத்தின் இடத்தை நிரப்பியிருப்பது பொட்டாசியம் குளோரைடு. இப்படிப்பட்ட மருந்துச் சேர்க்கையில் அந்த உப்பு கூடாது. தினமும் இளநீரும் வேண்டாம். ஹீமோகுளோபின் எதற்கு என்றால், வெளியே தெரியாமல் வயிற்றில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். படுத்தால் மூச்சு வாங்குவது, சிறுநீர் அளவு கண்கூடாகக் குறைவது, முகம் உப்புவது இவற்றில் எது இருந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் போய்விடுங்கள்.

இதயத்தைப் பற்றி ஒரு வரி. அசெக்ளோஃபெனாக் டைக்ளோஃபெனாக்கின் நெருங்கிய உறவு. இதய ரத்தக்குழாய் அடைப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம், கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு டைக்ளோஃபெனாக் கூடாது என்று 2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை அறிவித்தது. அசெக்ளோஃபெனாக்குக்கும் அதே விலக்கு பின்னர் வந்தது. அம்மாவுக்கு அவை இல்லை என்பது நல்லது. அப்படியானால் ஆஸ்பிரின் இன்னும் தேவையா என்பதை சுகர் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். மாரடைப்பே வராதவருக்கு இந்த வயதில் ஆஸ்பிரின் தரும் நன்மையைவிட ரத்தக்கசிவு அபாயம் பெரிதாக இருக்கலாம். முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

இந்த மருந்துக் குடும்பம் கிட்னியை என்ன செய்யும் என்பதற்கு நம் வானமே சாட்சி. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் கிட்னியை அழித்து இந்தியாவில் அந்த இனத்தையே ஏறக்குறைய துடைத்தெடுத்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய பாட்டில்கள் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததால் 2015-இல் ஊசி மருந்து 3 மி.லி. ஒற்றை டோஸ் அளவில் மட்டுமே விற்கலாம் என்று ஆனது. மாட்டின் உடம்பில் அசெக்ளோஃபெனாக் டைக்ளோஃபெனாக்காக மாறுகிறது என்பதால் 2023-இல் அதையும் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். மனித உடம்பு கழுகு போல அவ்வளவு எளிதில் விழாது, ஆனால் தளர்ந்த கிட்னிக்கு அந்தத் தாங்குசக்தி குறைவு.

---

முழங்கால்பயிற்சி (இயன்முறை மருத்துவர்) பதில்:

நான்காவது கேள்விக்கு: ஜெல்லை நிறுத்தாதீர்கள் என்று நான் சொல்வேன், மருத்துவரும் சரி என்றால். முழங்கால் தோலுக்கு அருகில் இருக்கும் மூட்டு, மருந்து போய்ச் சேரும். இடுப்பு மூட்டுக்கு அந்த வசதி இல்லை. ரத்தத்தில் கலப்பது மாத்திரை அளவில் சுமார் 6 சதவீதம்தான். அதனால்தான் வயதானவர்களின் முழங்கால் தேய்மானத்துக்கு ஜெல்லை முதலில் வைக்கிறோம்.

ஒன்றும் தெரியவில்லை என்பதற்குக் காரணம் பெரும்பாலும் அளவு. பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்தால் பலன் இருக்காது. 1 சதவீத ஜெல்லுக்கு ஒரு முழங்காலுக்கு ஒரு வேளை 4 கிராம், நாளைக்கு நான்கு வேளை வரை என்பது முழு அளவு. 30 கிராம் டியூப் என்றால் ஒரு முழங்காலுக்கு ஏழு முறைதான் வரும், இரண்டே நாளில் தீர்ந்துவிடும். ஒரு டியூபை ஒரு மாதம் ஓட்டுகிறீர்கள் என்றால் மருந்து போகவே இல்லை என்று அர்த்தம். 4 கிராமை எப்படி அளப்பது? சமையலறை எடை மெஷினில் டியூபை வைத்துப் பார்த்து, ஒரு முறை பிதுக்கிய பிறகு மறுபடி வையுங்கள். கண்ணுக்கு அளவு பழகிவிடும். அம்மாவின் கிட்னியை வைத்துப் பார்த்தால் இரண்டு முழங்காலுக்கும் முழு அளவில் தொடங்காமல், அதிகம் வலிக்கும் இடது பக்கத்துக்கு மூன்று வேளை என்று ஆரம்பிப்பதே என் யோசனை; ரத்தப் பரிசோதனை வந்த பிறகு மருத்துவர் கூட்டட்டும்.

சிப்பிக்கு மேலே, இருபுறம், பின்னால் என்று முழங்காலைச் சுற்றித் தடவி மெதுவாகத் தேய்க்க வேண்டும். வெட்டுக்காயம், சொறி இருக்கும் தோலில் கூடாது. தடவி ஒரு மணி நேரம் குளிக்க வேண்டாம். மேலே இறுக்கமாகக் கட்டுவதும் வெந்நீர்ப் பை வைப்பதும் கூடவே கூடாது. சூட்டில் மருந்து அதிகமாக உறிஞ்சப்படும். ஒத்தடம் வேண்டுமென்றால் ஜெல் நேரத்தைத் தவிர்த்து வேறு நேரத்தில். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட வேண்டாம். ஒரு வாரம் முறையாகத் தடவிவிட்டுத்தான் பலன் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி 5 விநாடி பிடித்து இறக்குவது, ஒரு காலுக்கு 10 முறை, காலையும் மாலையும். தொடைத் தசை பலப்பட்டால் மூட்டுமேல் விழும் பாரம் குறையும். முதல் சில நாள் லேசாக வலிக்கும்; அடுத்த நாள் வரை வலி நீடித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். தரையில் சம்மணம், குத்துக்கால் வேண்டாம். வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

---

கொள்ளிடக்கரை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மாத்திரையை நிறுத்திவிட்டோம், நாளைக் காலை ரத்தம் எடுக்கிறார்கள். சோடியம் குறைந்த உப்புதான் வீட்டில் ஓடுகிறது, அதையும் மாற்றிவிட்டேன். இரண்டு சந்தேகம். அம்மா இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறார், மலம் எப்போதுமே கருப்பாகத்தான் போகிறது. ரத்தக்கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டாவது, எங்கள் பக்கம் மழை ஆரம்பித்து ஊரெல்லாம் காய்ச்சல். காய்ச்சல் வந்தால் மீதி இருக்கும் இந்த மாத்திரையை ஒன்றிரண்டு வேளை போடலாமா?

---

மாத்திரைப்பெட்டி பதில்:

காய்ச்சலுக்கு இதைத் தொடவே வேண்டாம். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், மெஃபனமிக் ஆசிட் எதுவும் கூடாது. டெங்குவில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே வரும். இந்த மாத்திரைகள் இருக்கிற தட்டணுவின் வேலையையும் கெடுத்து ரத்தக்கசிவுக்கு வழி விடும். தனி பாராசிட்டமால் மட்டும், நிறைய நீர். ஆஸ்பிரின் சாப்பிடுபவர் என்பதைக் காய்ச்சலுக்குப் பார்க்கும் மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். "காய்ச்சல், உடம்பு வலி" என்று மட்டும் சொல்லி மெடிக்கலில் வாங்கினால் பாராசிட்டமாலோடு சேர்ந்த வலி மாத்திரையையே கொடுத்துவிடும் வாய்ப்பு அதிகம். "தனி பாராசிட்டமால்" என்று கேளுங்கள்.

மலம் பற்றி: இரும்பு மாத்திரையால் வரும் கருப்பு கரும்பச்சை சாய்ந்தது, கெட்டியாக இருக்கும், நாற்றம் வழக்கம்போல. ரத்தம் செரித்து வருவது தார் போலப் பளபளப்பாக, பிசுபிசுவென்று, தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானில் ஒட்டிக்கொண்டு, ஒருமுறை முகர்ந்தால் மறக்காத துர்நாற்றத்தோடு இருக்கும். வாந்தியில் காப்பித்தூள் கரைத்தது போல் வந்தாலும் ரத்தம்தான். எழுந்து நின்றதும் தலைசுற்றல், வியர்த்துக் குளிர்தல், உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100-க்கு மேல் ஓடுவது இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், அட்டைகளை எல்லாம் கையோடு கொண்டுபோங்கள். வயிற்று வலி இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. வலி மாத்திரை மூட்டு வலியை மறைப்பது போல அல்சர் வலியையும் மறைக்கும்; வயதானவர்களுக்கு முதல் அறிகுறியே ரத்தக்கசிவாக வரலாம்.

மீதி மாத்திரையை வீட்டில் வைக்காதீர்கள். இடுப்புப் பிடிப்பு என்று வேறு யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஆஸ்துமாவும் மூக்கில் சதை வளர்ச்சியும் உள்ள சிலருக்கு ஒரே மாத்திரை மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். கர்ப்பிணிக்கு 20 வாரத்துக்குப் பிறகு இவை குழந்தையின் கிட்னியைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாய் ஒன்று முன்கூட்டியே மூடிக்கொள்ளும் அபாயமும் சேரும். வார்ஃபரின், அசிட்ரோம், மெத்தோட்ரெக்சேட், லித்தியம், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மூட்டுவலிக்கு ஊர்க்காரர்கள் யாராவது பெயர் இல்லாத சூரணமோ கறுப்பு உருண்டையோ கொடுத்து, இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக்கும் கலந்திருந்தது பரிசோதனைகளில் பலமுறை தெரியவந்திருக்கிறது.

---

வயல்வரப்பு எழுதியது:

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். அப்பாவுக்கு (58) யூரிக் ஆசிட் கூடி கால் கட்டைவிரல் வீங்கியபோது எட்டோரிகாக்சிப் 120 தந்தார்கள். அருமையாகக் கேட்டது. அது வயிற்றைப் பாதிக்காத புது வகை என்பதால் தினம் ஒன்று என்று இரண்டு மாதமாகப் போடுகிறார். பிபி 150/94, மாத்திரை எதுவும் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பரவாயில்லையா?

---

நெஃப்ரான் பதில்:

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. 120 மி.கி. என்பது கவுட் (யூரிக் ஆசிட் படிகத்தால் வரும் மூட்டுவீக்கம்) வலி உச்சத்தில் இருக்கும்போது மட்டும், அதிகபட்சம் 8 நாள். மூட்டுத் தேய்மானத்துக்கே அதன் அளவு 30, மிஞ்சினால் 60. பிபி 140/90-க்கு மேல் கட்டுப்படாமல் இருப்பவருக்கு இந்த மருந்தை ஆரம்பிக்கவே கூடாது, அதுவே பிபியை மேலும் ஏற்றும்.

காக்ஸ்-1, காக்ஸ்-2 என்பவை உடம்பில் புரோஸ்டாகிளாண்டினை உருவாக்கும் நொதிகள். எட்டோரிகாக்சிப் போல காக்ஸ்-2-ஐ மட்டும் குறிவைத்துத் தடுக்கும் வகை வயிற்றுக்குக் கொஞ்சம் இதமானது என்பது உண்மை. வயிற்றைக் காக்கும் காக்ஸ்-1-ஐ அது பெரிதாகத் தொடுவதில்லை. ஆனால் கிட்னியில் வேலை செய்வது காக்ஸ்-2-உம்தான், அங்கே எந்தச் சலுகையும் இல்லை. இதயத்துக்கோ அபாயம் கூடுகிறது: இந்த வகையைச் சேர்ந்த ரோஃபெகாக்சிப் மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2004 செப்டம்பரில் உலகம் முழுக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆஸ்பிரினும் சேர்த்துச் சாப்பிட்டால் வயிற்றுக்கு இருந்த அந்த நன்மையும் பெரும்பாலும் போய்விடும்.

இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், பிபியையும் கிரியாட்டினினையும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். கவுட்டுக்குத் தினமும் சாப்பிட வேண்டியது வலி மாத்திரை அல்ல, யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மருந்து. அல்லோபியூரினால் அல்லது ஃபெபுக்ஸோஸ்டாட், எது என்பது அவருடைய கிட்னியையும் இதயத்தையும் பார்த்துத்தான். இலக்கு 6-க்குக் கீழே. அந்த மருந்தை ஆரம்பித்த முதல் சில மாதங்களில் படிகங்கள் கரையும்போது விரல் மறுபடி வீங்கலாம். அப்போது பயந்து அதை நிறுத்திவிட்டு 120-க்குத் திரும்பிவிடக் கூடாது என்பதால், அந்த நாட்களுக்குக் குறைந்த அளவு கால்ச்சிசின் வேண்டுமா என்றும் அதே சந்திப்பில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.